அணைத்த பின்னும் மங்கலாக எரியும் எல்.இ.டி. பல்பு: பல்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு விடிய விடிய மங்கலாக எரிந்துகொண்டிருந்தால், பெரும்பாலான வீடுகளில் முதலில் செய்யப்படுவது பல்பை மாற்றுவதுதான். கடைக்காரரும் "இந்த கம்பெனி பல்பு அப்படித்தான் சார், வேற எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி வேறொன்றைக் கொடுப்பார். புதிய பல்பு சில நேரங்களில் உண்மையிலேயே எரியாமல் இருக்கும். அத்தோடு விஷயம் முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்வோம். திருச்சியில் எங்கள் வீட்டிலும், மதுரையில் என் தங்கையின் வீட்டிலும், நண்பர்கள் சிலரின் வீடுகளிலும் இதே பிரச்சினையை அருகிலிருந்து பார்த்து, எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து ஒவ்வொன்றாகக் காரணம் தேடிய பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று இருக்கிறது. அந்த மங்கிய ஒளிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் சில முற்றிலும் தீங்கற்றவை, சில உயிருக்கே ஆபத்தானவை. இருட்டில் நின்று பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால், எது என்று தெரியாமல் அந்த ஒளியை மட்டும் அணைக்கும் வழியைத் தேடக் கூடாது.

குண்டு பல்பு இருந்த காலத்தில் இந்தப் பேச்சே இல்லையே என்று பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. வயரிங் அப்போதும் இப்படித்தான் இருந்தது, கசிவும் அப்போதும் இருந்தது. ஆனால் 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறத்தாழ 0.26 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும், ஒரு மில்லி ஆம்பியர் கசிவு அதன் இழை வழியாகப் போனால் இழை வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. எல்.இ.டி. அப்படியில்லை. அதில் சில பத்து மைக்ரோ ஆம்பியர் ஓடினாலே இருட்டறையில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளி வந்துவிடும். 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கி எல்.இ.டி. பல்புகளைக் குறைந்த விலையில் கொடுக்க ஆரம்பித்த பிறகு, வீட்டுக்கு வீடு குண்டு பல்பும் சி.எஃப்.எல்.லும் கழற்றப்பட்டு இவை மாட்டப்பட்டன. சுவருக்குள் பல ஆண்டுகளாக இருந்துவந்த சிறு கசிவுகள் அதன் பிறகே வெளியே தெரிய ஆரம்பித்தன.

சில பல்புகள் சீராக மங்கி எரியும், சில விட்டுவிட்டு மின்னும். இந்த வேறுபாடு பல்புக்குள் இருக்கும் டிரைவரை, அதாவது எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்றைப் பொறுத்தது. சொட்டும் குழாயின் அடியில் வைத்த குவளை நிரம்பிச் சாய்வதைப் போல, கசிந்து வரும் மின்சாரம் டிரைவரின் கெப்பாசிட்டரில் சிறிது சிறிதாகச் சேர்ந்து, ஓர் அளவை எட்டியதும் பல்பு ஒரு கணம் மின்னி அணைகிறது, பிறகு மீண்டும் சேர்கிறது. எனவே மின்னுகிறதா, மங்கி எரிகிறதா என்பதை வைத்துக் காரணத்தைச் சொல்ல முடியாது. அணைத்த சில விநாடிகளுக்கு மட்டும் ஒளி தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மறைந்தால் அது டிரைவரில் மிச்சமிருந்த மின்னூட்டமும் பல்பின் மஞ்சள் பூச்சில் தங்கிய ஒளியும்தான். அதற்கு எந்த வைத்தியமும் தேவையில்லை. பத்து நிமிடம் கழித்து, கதவைச் சாத்தி இருட்டாக்கிப் பார்த்தாலும் ஒளி இருந்தால்தான் தேட வேண்டும்.

எங்கள் வீட்டில் தேடலுக்கு வழிகாட்டியது எந்தெந்த பல்புகள் ஒளிர்ந்தன என்பதுதான். ஹாலிலும் இரண்டு படுக்கையறைகளிலும் அணைத்த பல்புகள் எல்லாமே மங்கலாக எரிந்தன. சமையலறை, குளியலறை, பின்கட்டு விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை. பல்புகளோ எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நேரத்தில் வாங்கியவை. "அம்மா, பல்புல ஒண்ணும் கோளாறு இல்லம்மா. எரியிறது எல்லாம் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கிறது, அதைப் பாத்தீங்களா?" என்று எங்கள் எலக்ட்ரீஷியன் என் தாயாரிடம் சொன்னபோதுதான் இந்தப் பிரிவு எங்களுக்குப் புலப்பட்டது. எந்த வீட்டிலும் முதலில் இந்தக் கணக்கை எடுத்துவிடுவது நல்லது. வீடு முழுவதும் எரிந்தால் மீட்டரிலிருந்து மெயின் போர்டு வரைக்குமான இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு பகுதி மட்டும் என்றால் அந்தப் பகுதிக்கு லைன் பிரியும் இடத்தை. ஒரே ஒரு பல்பு என்றால் அதன் சுவிட்சையும் அதற்கு வயர் போகும் பைப்பையும்.

அவர் முதலில் பார்த்தது, சுவிட்ச் எந்தக் கம்பியைத் துண்டிக்கிறது என்பதை. சுவிட்ச் எப்போதும் ஃபேஸ் கம்பியில், அதாவது மின்சாரம் வரும் கம்பியில்தான் இருக்க வேண்டும். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரலில் தனியாக ஒரு சுவிட்சோ ஃபியூஸோ வைக்கக் கூடாது என்பது 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே சொல்லப்பட்டது. வீட்டு வயரிங்குக்கான ஐ.எஸ். 732 தரநிலையும் அதையே வலியுறுத்துகிறது. நியூட்ரலில் சுவிட்ச் இருந்தாலும் பல்பு ஒழுங்காக எரியும், ஒழுங்காக அணையும், வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அணைத்த பிறகும் பல்பும் ஹோல்டரும் முழு 230 வோல்ட்டில் இருக்கும். பல்பிலிருந்து சுவிட்சுக்குத் திரும்பும் கம்பி சுவரையும் எர்த் கம்பியையும் ஒட்டிப் போவதால், அவற்றுக்கிடையே உள்ள சிறு மின்தேக்கம் (கெப்பாசிட்டர் போன்ற தன்மை) வழியாக ஒரு நுண்ணிய மின்னோட்டம் எல்.இ.டி.யின் ஊடாக ஓடிக்கொண்டே இருக்கும். அலுமினிய உடல் கொண்ட டியூப் லைட் பட்டைகளில் எர்த் செய்த உலோகம் எல்.இ.டி. தகட்டுக்கு மிக அருகில் இருப்பதால் ஒளி இன்னும் கூடுதலாகத் தெரியும்.

அவர் சோதித்த முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இதை நாமே செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, வருகிற எலக்ட்ரீஷியன் இதைச் செய்கிறாரா என்று பார்த்துக்கொள்ளவே சொல்கிறேன். மெயினை அணைத்துப் பல்பைக் கழற்றினார். பிறகு மெயினைப் போட்டு, விளக்கின் சுவிட்சை அணைத்தே வைத்துவிட்டு, ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் ஏறி, ஹோல்டருக்குள் இருக்கும் இரண்டு பித்தளைக் குமிழ்களையும் டெஸ்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒன்றில் டெஸ்டர் பளிச்சென்று செம்மஞ்சளாக எரிந்தது. அணைத்த சுவிட்சுக்குப் பின்னால் ஹோல்டரில் அப்படி எரியவே கூடாது.

ஆனால் டெஸ்டரை மட்டும் நம்பி அவர் முடிவு சொல்லவில்லை. டெஸ்டருக்குள் இருக்கும் நியான் விளக்குக்கும் மிகச் சிறிய மின்னோட்டமே போதும். பக்கத்துக் கம்பியிலிருந்து தூண்டப்பட்டு வரும் வோல்ட்டேஜிலேயே அது எரிந்துவிடும். டிஜிட்டல் மல்டிமீட்டரும் இந்த இடத்தில் ஏமாற்றும். அதன் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம் அளவில் இருப்பதால், உண்மையில் எந்தச் சுமையையும் தாங்காத வோல்ட்டேஜைக்கூட 50, 80, 100 என்று காட்டும். இதற்கு வயர்மேன்கள் நெடுங்காலமாகக் கையில் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப்பே நம்பகமானது: ஒரு ஹோல்டரில் குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு கம்பிகள், அவ்வளவுதான். ஒரு கம்பியைச் சந்தேகத்துக்குரிய குமிழிலும், மற்றொன்றை ஏற்கெனவே சரிபார்த்த நியூட்ரலிலும் வைத்தால், தூண்டப்பட்ட வோல்ட்டேஜ் அந்தச் சுமை விழுந்தவுடன் காணாமல் போகும், குண்டு பல்பு எரியாது. எங்கள் ஹாலில் அது முழு வெளிச்சத்தில் எரிந்தது. உண்மையான ஃபேஸ், அணைத்த சுவிட்சுக்கு அப்பால், கை எட்டும் ஹோல்டரில் இருந்தது.

மூன்று அறைகளிலும் சுவிட்ச் போர்டுகளைத் திறந்து பார்த்ததில் வயரிங் சரியாகவே இருந்தது. ஃபேஸுக்குரிய சிவப்புக் கம்பிதான் சுவிட்சுக்கு வந்திருந்தது. அப்படியானால் அந்தச் சிவப்புக் கம்பிக்கே நியூட்ரல் வருகிறது என்று பொருள். இன்வெர்ட்டரின் வெளியீட்டில் செருகியிருந்த மூன்று முள் பிளக்கைக் கழற்றித் திறந்ததும் விடை கிடைத்தது. எல் (ஃபேஸ்) என்று பொறித்த முள்ளில் கறுப்புக் கம்பியும், என் (நியூட்ரல்) என்று பொறித்த முள்ளில் சிவப்புக் கம்பியும் முடுக்கப்பட்டிருந்தன. அதற்குச் சில காலம் முன்பு அந்த பிளக் கருகியதால் புதிது மாற்றப்பட்டிருந்தது. மாற்றியபோது இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுத்திருந்த காரணத்தால் எதுவும் வெடிக்காமல், ஷார்ட் ஆனால் தானாக அணையும் எம்.சி.பி. சுவிட்ச் விழாமல், எல்லாம் வேலை செய்துகொண்டிருந்தன. வீடு முழுவதற்கும் பொது நியூட்ரலாக இருந்திருந்தால் பிளக்கைச் செருகிய நொடியே ஷார்ட் ஆகிக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இதில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது பல்பு ஹோல்டர்கூட அல்ல. அந்த லைனில் அடுத்து இருந்த, ஒரே ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் சிங்கிள் போல் எம்.சி.பி.யும் இப்போது நியூட்ரலைத்தான் துண்டிக்கும். எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, கரண்ட் இல்லை என்ற நம்பிக்கையில் மின்விசிறியைக் கழற்ற ஏறுபவருக்கு அந்தக் கம்பிகள் அனைத்தும் உயிரோடு இருக்கும். எங்கள் வீட்டில் அறைக்கு அறை மின்விசிறிகளும் அதே லைனில்தான். அவற்றில் எந்த அடையாளமும் தெரிந்திருக்காது. அணைத்த பல்பு எரிந்ததால் மட்டுமே இது வெளிப்பட்டது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, கசிவை உள்ளேயே வடித்துவிடும் தடை வைத்த வேறு பல்பை மாட்டியிருந்தால் அந்த ஒரே அடையாளமும் மறைந்திருக்கும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

இந்தத் தவறு வேறெங்கும் இருக்கிறதா என்பதை பிளக் பாயின்டுகளில் எளிதாகப் பார்க்கலாம். மேலே பெரிய எர்த் துளை இருக்கும்படி நேராக நின்று பார்த்தால், கீழே வலப்பக்கத் துளையில் ஃபேஸும் இடப்பக்கத் துளையில் நியூட்ரலும் இருக்க வேண்டும். வலதில் டெஸ்டர் எரியாமல் இடதில் எரிந்தால் அந்தப் பாயின்டிலோ, அதற்கு முந்தைய ஏதோ ஓர் இணைப்பிலோ மாறியிருக்கிறது. சர்வீஸ் வயர் மாற்றிய பிறகும், மீட்டர் மாற்றிய பிறகும், இன்வெர்ட்டர் வைத்த பிறகும் இதை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. குறிப்பிட்ட ஒரு சுவிட்ச் மட்டும் நியூட்ரலில் போடப்பட்டிருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. அதற்கு முன்சொன்ன ஹோல்டர் சோதனைதான்.

பிளக்கைச் சரிசெய்து மாட்டியதும் அறைகளில் ஒளி முழுவதும் நின்றது. நடைபாதை விளக்கு ஒன்று மட்டும், முன்பைவிட மிகவும் குறைவாக, உற்றுப் பார்த்தால் தெரியும் அளவில் எரிந்தது. டெஸ்ட் லேம்ப்பை வைத்தபோது குண்டு பல்பு எரியவே இல்லை. இது இரண்டாவது வகைக் காரணம். இதை முழுமையாகப் புரிந்துகொண்டது தங்கையின் வீட்டு மாடிப்படி விளக்கில்.

மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என டூ-வே இணைப்பு கொடுப்பார்கள். இரண்டு சுவிட்சுகளுக்கும் நடுவே இரண்டு கம்பிகள் ஒரே பைப்பில் ஒட்டிக்கொண்டு போகும். விளக்கு அணைந்திருக்கும்போது அவற்றில் ஒன்றில் ஃபேஸ் இருக்கும். மற்றொன்று பல்போடு சேர்ந்து சும்மா இருக்கும். பி.வி.சி. உறை போட்ட இரண்டு கம்பிகள் நீண்ட தூரம் அருகருகே போனாலே அது ஒரு கெப்பாசிட்டர்தான். அந்த மின்தேக்கம் 1000 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாக ஏறத்தாழ 72 மைக்ரோ ஆம்பியர் ஓடும். எங்கும் இன்சுலேஷன் கெடவில்லை, எந்த இணைப்பும் தவறில்லை, ஆனாலும் எல்.இ.டி. எரிய அது போதும். இப்படி மங்கி எரிவதில் யாருக்கும் ஆபத்து இல்லை. மின்கட்டணமும் ஒரு பொருட்டல்ல, 0.1 மில்லி ஆம்பியர் ஆண்டு முழுவதும் ஓடினாலும் சுமார் 0.2 யூனிட்தான் ஆகும். படிக்கட்டில் அது இரவு விளக்காக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அங்கே பல்பு விடாமல் மின்னியதால், எதிரே இருந்த அறையில் படுத்த குழந்தைகளுக்குத் தூக்கம் கெட்டது.

காரணம் இதுதான் என்பதை உறுதி செய்ய, அதே சுவிட்சில் பல்புக்கு இணையாக ஒரு பழைய ஜீரோ வாட்ஸ் குண்டு பல்பை மாட்டிப் பார்த்தோம். பெயர்தான் ஜீரோ, அந்த பல்புகள் 15 வாட் அளவுக்கு இழுக்கும், இழையின் தடை எல்.இ.டி. டிரைவரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கசிவு முழுவதும் அதன் வழியாகப் போய்விட, எல்.இ.டி. உடனே நின்றது. நிரந்தரத் தீர்வாக, பல்பின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, சீலிங் ரோஸுக்குள், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை எலக்ட்ரீஷியன் வைத்தார். 50 ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு ஏறத்தாழ 32 கிலோ ஓம்; முன்சொன்ன 72 மைக்ரோ ஆம்பியர் அதன் வழியே போகும்போது பல்பின் குறுக்கே இரண்டரை வோல்ட்கூட எழாது, எல்.இ.டி. எரிய வழியில்லை.

இங்கே கெப்பாசிட்டரின் வகை மிக முக்கியம். 275 வோல்ட் ஏ.சி. என்றும் எக்ஸ்2 என்றும் உடலில் அச்சிட்ட, மெயின்ஸ் லைனில் நிரந்தரமாக இருப்பதற்கென்றே செய்த ஃபிலிம் கெப்பாசிட்டரைத்தான் வாங்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில ரூபாய்களுக்கே கிடைக்கும். டி.சி. வோல்ட்டேஜ் மட்டும் குறித்த சாதாரணமானதை மாட்டினால் அது என்றாவது ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். வீட்டில் கிடக்கும் ஃபேன் கண்டென்சரை மாட்டலாமா என்று என்னிடம் ஒருவருக்கு மேற்பட்டோர் கேட்டிருக்கிறார்கள், கூடாது. 2.5 மைக்ரோஃபாரட் ஃபேன் கண்டென்சர் விளக்கு எரியும் நேரமெல்லாம் 0.18 ஆம்பியர் இழுக்கும், சுவிட்சைப் போடும்போதெல்லாம் முனைகளில் பொறி தட்டும், அணைத்த பிறகும் மின்னூட்டத்தை வைத்திருந்து தொடுபவரை அடிக்கும். கெப்பாசிட்டருக்குப் பதிலாக ரெசிஸ்டர் வைப்பவர்களும் உண்டு. 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் விளக்கு எரியும்வரை ஒரு வாட்டுக்கு மேல் சூடாகிக்கொண்டே இருக்கும் என்பதால், மூடிய சீலிங் ரோஸுக்குள் அதை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

இண்டிகேட்டர் உள்ள சுவிட்சுகளில் காரணம் கண் முன்னாலேயே இருக்கும். அணைந்திருக்கும்போது இருட்டில் சிவப்பாகத் தெரியும் வகைச் சுவிட்சுக்குள், ஒரு நியான் விளக்கும் ரெசிஸ்டரும் சுவிட்சின் இரு முனைகளுக்குக் குறுக்கே இருக்கும். அந்த நியான் எரியும் மின்னோட்டம் பல்பு வழியாகத்தான் சுற்றை முடிக்கிறது. அரை முதல் ஒரு மில்லி ஆம்பியர்வரை இருக்கும். சாதாரணச் சுவிட்சாக மாற்றினாலே போதும், இல்லையென்றால் 0.22 மைக்ரோஃபாரட் எக்ஸ்2. நியூட்ரல் இணைப்பு இல்லாமல் மாட்டும் ஸ்மார்ட் சுவிட்சுகளும் தாங்கள் உயிரோடு இருக்கத் தேவையான மின்சாரத்தைப் பல்பு வழியாகவே எடுக்கின்றன. நண்பர் ஒருவரின் அடுக்ககத்தில் அப்படித்தான் இருந்தது. சுவிட்சோடு பெட்டியிலேயே கொடுத்திருந்த சிறிய கெப்பாசிட்டர் துண்டை, எதற்கென்று தெரியாமல் மாட்டாமல் விட்டிருந்தார்கள்.

கடைசியாக, மழைக்காலத்தில் மட்டும் எரியும் பல்பு. இதை இண்டிகேட்டரோடும் நீண்ட கம்பியோடும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. எங்கள் வீட்டு முகப்பு விளக்கு ஐப்பசி அடைமழை பிடித்த பிறகு, அணைத்தாலும் எரிந்தது; வெயில் அடித்த நாள்களில் நின்றது. சுவிட்ச் சரியாக ஃபேஸில்தான் இருந்தது. ஆனால் டெஸ்ட் லேம்ப்பை வைத்தபோது குண்டு பல்பின் இழை மிக லேசாகச் சிவந்தது. தூண்டப்பட்ட வோல்ட்டேஜால் அது முடியாது. ஈரத்தின் வழியாக உண்மையான கசிவு இருந்தால்தான் முடியும். போர்டைத் திறந்தால், மேலே பால்கனித் தளத்திலிருந்து இறங்கிய நீர் பைப்புக்குள்ளேயே வந்து சுவிட்சின் பின்புறம் சொட்டியிருந்தது. முனைகளுக்கு நடுவே பச்சைக் களிம்பும், எறும்பு கொண்டுவந்து சேர்த்த மண்ணும் ஈரத்தில் ஊறிக் கிடந்தன.

இந்த நிலையில் கெப்பாசிட்டர், வேறு பல்பு என்று எதையும் யோசிக்காமல் அந்த லைனின் எம்.சி.பி.யை அணைத்துவிட வேண்டும்; ஈரச் சுவரைத் தொடவும் கூடாது. கசிவைக் கண்டால் தானாக அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருக்கும் வீட்டில் எர்த்துக்குக் கசியும் மின்சாரம் அதை விழவைத்து எச்சரிக்கும். ஆனால் சுவிட்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஈரத்தில் தாவி, பல்பு வழியாக நியூட்ரலுக்கே திரும்பும் கசிவை அது கண்டுகொள்ளாது. எங்கள் வீட்டில் அது விழாமலேயே இருந்ததற்குக் காரணம் இதுதான். பால்கனித் தளத்தின் ஓரத்தைக் கொத்தி நீர்க்கசிவை அடைத்து, பைப்பைக் காயவிட்டு, பழைய கம்பியை உருவிப் புதிதாக இழுத்து, சுவிட்சையும் மாற்றிய பிறகு, எலக்ட்ரீஷியன் 500 வோல்ட் மெக்கரால் இன்சுலேஷனைச் சோதித்தார். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும் என்பது விதி. அதைவிட வெகு அதிகமாகக் காட்டிய பிறகுதான் அந்தப் போர்டுக்கு மீண்டும் லைன் கொடுத்தார்.